பெட்டி போகும் அகலம்

தர்மபுரியில் வீட்டுக்காரர்கள் என்று ஒரு புது ஜாதி உண்டானது மாவட்டம் பிரித்த பிறகுதான். அதற்கு முன்பும் ஊரில் வீடுகள் இருந்தன, சொந்தக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் வீட்டை வாடகைக்கு விட்டுப் பிழைக்கலாம் என்று பலருக்குத் தோன்றியிருக்கவில்லை. காலியாகக் கிடக்கிற வீட்டில் பொழுது சாய்ந்தால் ஒரு விளக்கு எரிய வேண்டும், அதற்கு ஒரு குடும்பம் இருந்தால் போதும் என்று சும்மாவே குடிவைப்பார்கள். அறுபத்தைந்தில் சேலத்தைப் பிரித்து தர்மபுரியைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். கலெக்டர் ஆபீஸ் வந்தது. அதன் பின்னால் ஆயிரத்தெட்டு ஆபீஸ்கள் வந்தன. ஆபீஸ்களின் பின்னால் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினோம். மாட்டுக் கொட்டகைக்கு வெள்ளையடித்து, நடுவில் ஒரு தடுப்பு வைத்து, ‘போர்ஷன்’ என்று பெயரும் வைத்து எங்களிடம் அட்வான்ஸ் கேட்டார்கள். நாங்களும் கொடுத்தோம். நடுத்தெருவிலா படுக்க முடியும்?

ராயம்மாளை எனக்கு அப்படி ஒரு கொட்டகையில்தான் பழக்கம். தீர்த்தம்மாள் என்ற விதவை அம்மாளின் வீட்டுப் பின்கட்டில் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ராயம்மாளும் அவள் புருஷன் இன்னாசியும் அவர்களுடைய மகள் வேளாங்கண்ணியும். இன்னாசி புளி மண்டியில் மூட்டை தூக்கினான். ராயம்மாள் அதே மண்டியில் புளி தட்டிக் கொட்டை எடுத்தாள். சாயங்காலம் அவள் உள்ளே வந்தால் தடுப்பைத் தாண்டிப் புளி வாசம் வரும். நல்ல வாசம்தான். தீர்த்தம்மாளுக்குத்தான் பிடிக்காது.

அவர்களுக்குக் கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். அங்கே மண் சுவரும் புல் கூரையுமாக ஒரு வீடு இருந்தது. அதைச் ‘சொந்த வீடு’ என்று ராயம்மாள் ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை. சொந்தமில்லாத வீடு என்று ஒன்று இருக்கும் என்பதே அவளுக்கு டவுனுக்கு வந்துதான் தெரியும். மழை பொய்த்துக் கிணறு வற்றிய வருஷத்தில் காட்டை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். ஊர்க்கோடியில் ஒரு மிராசுதாரின் காலி வீட்டில் விளக்கெரிக்கிற கணக்கில் குடியிருந்தார்கள். ஆபீஸ்கள் வந்ததும் அந்த வீட்டுக்கு ஓடு மாற்றி ஒரு என்ஜினீயருக்கு விட்டுவிட்டார்கள். வெளியே வந்தவர்கள், குடிக்கூலி கொடுத்துத் தீர்த்தம்மாளின் பின்கட்டுக்கு வந்தார்கள். “வெளக்கு எரியறதுக்குக் காசு குடுத்தாத்தான் இனிமே வூடு போலிருக்குது சார்” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

தீர்த்தம்மாளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மோர் மிஞ்சினால் கொடுப்பாள், வேளாங்கண்ணிக்குத் தலைபின்னி விடுவாள். ஆனால் வீடு என்று வந்துவிட்டால் வேறு ஆள். விளக்கு வைத்த பிறகு ஆட்டுக்கல் சத்தம் கேட்கக் கூடாது. கருவாடு சுடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. “ஆணி அடிச்சா செவுரு போயிரும்” என்பாள். ராயம்மாளிடம் கண்ணாடி போட்ட மாதா படம் ஒன்று இருந்தது, அவள் கல்யாணத்துக்கு வந்த சீர். மாட்ட ஆணி இல்லாததால் அதைத் தகரப் பெட்டியின் மேல் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். அது அடிக்கடி சறுக்கும். நிமிர்த்தி வைப்பது வேளாங்கண்ணியின் வேலை. “மாதா மறுபடியும் படுத்துக்கிச்சும்மா” என்று அவள் கத்துவது எனக்குத் தடுப்பு வழியாகக் கேட்கும்.

அந்தப் பிள்ளைக்கு விஷக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போய்விட்டாள்.

நானும் அவர்கள் இருவரோடும் இருந்தேன். ராயம்மாளின் புடவையில் சுற்றி இன்னாசி மகளைக் கையிலேயே தூக்கிக்கொண்டு நடந்தான். வீட்டு முன்னால் வந்தபோது தீர்த்தம்மாள் வாசலை மறித்து நின்றிருந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர். அவள் மகளுக்குக் கல்யாணம் வைத்து, முந்தின நாள்தான் வாசலில் முகூர்த்தக்கால் நட்டிருந்தார்கள். அந்த முகூர்த்தக்காலில் கட்டிய மாவிலை இன்னும் வாடவில்லை.

“ராயா, எம்மேல கோவிச்சிக்காத. நானும் புள்ள பெத்தவதான். ஆனா கால் நட்ட வூடும்மா இது. வெளிய உசுரு போன ஒடம்ப உள்ள கொண்டாந்தா நாளைக்கு எம் பொண்ணு வாழ்க்கைக்கு யாரு பதில் சொல்றது?”

நான் ஏதோ பேச வாயெடுத்தேன். ராயம்மாள் என்னைப் பார்க்கவுமில்லை, தீர்த்தம்மாளைத் திட்டவுமில்லை. மகளின் காலில் விலகியிருந்த துணியை இழுத்துவிட்டாள். திரும்பி நடந்தாள். இன்னாசி பின்னால் போனான். புளி மண்டிக்கு வெளியே ஒரு பெரிய புளியமரம் உண்டு, அதன் கீழேதான் தட்டிய புளியைக் காயப்போடுவார்கள். அங்கே புளிப்பாயை விரித்து வேளாங்கண்ணியைக் கிடத்தினார்கள். அங்கேதான் குளிப்பாட்டினார்கள், கோயில் உபதேசியார் வந்து ஜெபம் சொன்னதும் அங்கேதான். கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற புது நன்மை நாளுக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைக் கவுனைப் போட்டார்கள். பாயிலிருந்த புளிக்கறை அதில் ஒட்டிக்கொண்டது. ராயம்மாள் அதை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. அந்தக் கறையோடுதான் பிள்ளை கல்லறைக்குப் போனாள்.

ராயம்மாள் அன்றைக்கு அழவில்லை. கல்லறையிலிருந்து திரும்பி வரும்போது ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். “இனிமே எங்க வூட்டுப் பொணம் எங்க வாசல்ல இருந்துதான் சார் போவும்.”

அது புலம்பல் அல்ல, முடிவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று எல்லோரும்தான் சொல்கிறோம். சொல்லிவிட்டு வாடகையைக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். ராயம்மாள் படுக்கவில்லை. மண்டியில் கொட்டை எடுத்தது போதாமல், மூட்டைப் புளியை வீட்டுக்கும் தூக்கி வந்து தட்டினாள். தீர்த்தம்மாள் அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் அந்த வாசல் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். ஊருக்கு வெளியே கஸ்பார் என்ற குடியானவர் தன் சோளக்காட்டை மனை போட்டு, தவணையில் கொடுத்தார். அந்தக் காலத்தில் நிறையப் பேர் காட்டை மனையாக்கினார்கள். மழையை நம்புவதைவிட மனையை நம்பலாம் என்று ஆகிவிட்டது. ராயம்மாளும் இன்னாசியும் ஓடைக்கரைப் பக்கம் ஒரு மூலை மனை வாங்கினார்கள்.

கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்பார்கள். இவர்கள் கட்டவில்லை, வளர்த்தார்கள். ஒரு வருஷம் கடைக்கால். அடுத்த மழைக்காலத்தில் இடுப்புயரச் சுவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் புருஷனும் பெண்டாட்டியும் மனைக்குப் போய் மண் மிதிப்பார்கள். சமயத்தில் நானும் போய் இரண்டு கல்லை எடுத்துக் கொடுத்துவிட்டு, வீடு கட்டியவன் மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவேன்.

வாசல்கால் வைக்கிற நாளில் நான் அங்கே இருந்தேன். கொத்தனார் குப்புராஜ் ஒற்றைக் கதவுக்கு அளந்து குச்சி நட்டார். ராயம்மாள் அதைப் பிடுங்கித் தள்ளி நட்டாள்.

“என்னம்மா இது, தேரா ஓட்டப் போற உள்ள?” என்றார் குப்புராஜ்.

“ஒரு பெட்டி வெளிய போவோணும். ரெண்டு பக்கமும் ஆளு புடிச்சிக்கிட்டு, ஒருக்களிக்காம, நேரா போவோணும். அந்த அகலத்துக்கு வைங்க.”

குப்புராஜின் கை நின்றுவிட்டது. “வாசக்கால் வெக்கிற நாள்ல என்ன பேச்சும்மா பேசற?” என்று கடிந்துகொண்டார். அவள் அசையவில்லை. கடைசியில் அவள் நட்ட அகலத்துக்கே நிலை வைத்து இரட்டைக் கதவு போட்டார்கள். அந்தச் சின்ன வீட்டுக்கு அந்தக் கதவு பொருந்தவே இல்லை, குழந்தைக்கு அப்பன் செருப்பைப் போட்ட மாதிரி இருந்தது. கோயிலிலிருந்து சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்த அன்று இரண்டு கதவையும் திறந்தார்கள். பிறகு ஒன்றுக்கு மேலும் கீழும் தாழ் போட்டுவிட்டார்கள். “மொதல்ல போறது அவரோ நானோ, அன்னிக்குத் தெறந்தா போதும்” என்றாள் ராயம்மாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். தன் மகளுக்குக் கிடைக்காதது தங்கள் இருவருக்காவது கிடைத்துவிடும் என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த வாசலின் முதல் சாவு தன் குடும்பத்துடையது என்று அதை அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள்.

ஓடு போட வாங்கிய கடனுக்காக வீட்டின் ஒரு பாதியைத் தடுத்து வாடகைக்கு விட வேண்டியதாயிற்று. உரிமையோடு முதல் ஆளாகப் போய் நின்றது நான்தான். “ஒண்டிக்கட்டைக்கு வூடு குடுக்கறதில்லீங்க சார்” என்றாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அட, என்னிடமே! பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த முனியப்பனும் அவன் பெண்டாட்டி சென்னம்மாளும் குடிவந்தார்கள். பாகப் பிரிவினையில் வீடு அண்ணனுக்கும் தண்ணீரில்லாத காடு முனியப்பனுக்கும் வந்திருந்தது. காட்டை விற்றுவிட்டு டவுனுக்கு வந்து, கிணறு ஆழப்படுத்துகிற கூட்டத்தோடு வேலைக்குப் போனான்.

குடிவந்தவர்களிடம் ராயம்மாள் எப்படி இருந்தாள் என்கிறீர்கள்? விளக்கு வைத்த பிறகு ஆட்டுக்கல் கூடாது. பக்கத்துச் சந்து வழியாகத்தான் போய்வர வேண்டும், முன்வாசலில் கால் வைக்கக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. “ஆணி அடிச்சா செவுரு போயிரும்” என்று சொன்ன அதே வாய்தான் ஒரு காலத்தில் மாதாவைச் சாய்த்து வைத்த கதையைச் சொன்ன வாய். மாமியாரும் ஒரு வீட்டு மருமகள்தான் என்பது மாமியார் ஆனதும் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? “தீர்த்தம்மாள் தோத்தாங்க போங்க” என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டாள். “ஒவ்வொரு கல்லும் எங் கையில தூக்குனது சார். ஆணி அடிச்சா எம் மேல அடிச்ச மாதிரி இருக்குது.”

எழுபத்தாறாம் வருஷக் கோடை. காரிமங்கலம் பக்கம் ஒரு கிணற்றில் வடம் அறுந்து முனியப்பன் பாறை மேல் விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் உயிர் போய்விட்டது. எங்கள் ஆபீஸ் ஆஸ்பத்திரிக்குப் பக்கம். செய்தி கேட்டு ஓடினேன். சென்னம்மாள் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கூட வேலை செய்தவர்கள் ஒரு மாட்டு வண்டி பிடித்தார்கள். ஒருவனை முன்னால் அனுப்பி ராயம்மாள் வீட்டில் சொல்லச் சொன்னேன். வண்டிக்குப் பின்னால் நானும் சென்னம்மாளும் நடந்தோம்.

ஓடைக்கரைத் திருப்பத்துக்கு வந்ததும் வீடு தெரிந்தது. வாசலில் இன்னாசி கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தான். ராயம்மாள் அசையாமல் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், பகலெல்லாம் திறந்தே கிடக்கும் ஒற்றைக் கதவும் சாத்தியிருந்தது.

எனக்குத் தீர்த்தம்மாள் வீட்டு வாசல்தான் கண் முன்னால் வந்தது. என்னைத் தவிர யாருக்கும் கேட்காமல் ராயம்மாளை வைதேன். சென்னம்மாளும் கதவைப் பார்த்துவிட்டாள். அழுகையை நிறுத்திவிட்டு வண்டிக்காரரிடம், “இப்பிடிப் புளி மண்டிப் பக்கம் வுடுங்கண்ணா. அங்க ஒரு மரம் இருக்குது” என்றாள்.

“இரும்மா, ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்” என்றேன்.

“என்னாத்தக் கேக்கறது சார்? குடியிருக்கறவங்க கேக்கற காரியமா இது? கேட்டு, அவங்க வேணாம்னு சொல்லிட்டா, நாளைக்கு அவங்க மொகத்துல நான் எப்பிடி முழிக்கறது? அங்கதான சார் நான் குடியிருந்தாவோணும்?”

அத்தனை வருஷம் வாடகை வீடுகளில் இருந்த எனக்கு அது நியாயம் என்று தெரியும். வண்டிக்காரர் மூக்கணாங்கயிற்றை இழுத்தார். வண்டி மண்டிப் பாதையில் திரும்பிற்று.

கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டோம். பின்னால் ஒரு கூச்சல். ராயம்மாள் கொண்டை அவிழ்ந்து, முந்தானை தரையில் புரள ஓடிவந்தாள். நேரே மாடுகளுக்கு முன்னால் போய் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

“எங்கடி போற?”

“மண்டிக்குங்கக்கா... மரத்தடியில...”

“மண்டியில யாருடி இருக்கறாங்க உனக்கு? வூடு இங்க இருக்கறப்ப?”

சென்னம்மாள் அதுவரை அடக்கியிருந்ததெல்லாம் வெடித்து அவள் தோளில் விழுந்தாள். ராயம்மாள் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தானே மாடுகளைத் திருப்பினாள்.

வாசலில் இன்னாசி நின்றான். அவன் சொன்னதும் தப்பில்லை. மந்திரித்த வீடு, இன்னும் ஒரு நல்லதும் நடக்காத வீடு, இதன் பிறகு குடித்தனத்துக்கு ஒருவனும் வரமாட்டான், கடன் பாக்கி அப்படியே நிற்கிறது. “இதுக்கா இந்தக் கதவ வெச்ச?” என்று கேட்டான். “இதுக்குத்தான் போலிருக்குது. தெற” என்றாள் ராயம்மாள். மந்திரித்த நாளுக்குப் பிறகு திறக்காத தாழ் துருப்பிடித்துப் போயிருந்தது. இன்னாசி ஒரு குழவிக்கல்லை எடுத்து மேலும் கீழும் தட்டினான். இரண்டு கதவும் திறந்தன.

சுவர் மாடத்தில் வைத்திருந்த மாதா படத்துக்குக் கீழே பாய் விரித்தார்கள். “படத்த எடுத்து உள்ள வெச்சிரட்டுமா?” என்று இன்னாசி மெதுவாகக் கேட்டான். “ஏன், அவ பாக்காத பொணமா? பெத்த புள்ளைய மடியில போட்டுக்கிட்டு அழுதவதான” என்றாள். படம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் கீழே சென்னம்மாள் தன் முறைப்படி விளக்கேற்றித் தேங்காய் உடைத்து வைத்தாள். வாசலில் பறை அடித்தார்கள். பொழுது சாய, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து முனியப்பனின் அண்ணன் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். அவ்வளவு பெரிய வாசலைப் பார்த்துத் தயங்கி, “இது யாரு வூடுங்க?” என்றார். சென்னம்மாள் திகைத்து ராயம்மாளைப் பார்த்தாள்.

“உங்க தம்பி வூடுதாங்க. உள்ள வாங்க” என்றாள் ராயம்மாள்.

மறுநாள் பாடையை எடுத்தபோது இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டு, ஒருவர்கூட ஒருக்களிக்காமல், நேராக வெளியே போனார்கள்.

நான் கொஞ்சம் பின்தங்கி நின்றேன். என் முகத்தில் இருந்த கேள்வியை ராயம்மாளே படித்துவிட்டாள். “சேதி வந்ததும் நாந்தான் சார் கதவச் சாத்துனேன். அவரு இல்ல, நாந்தான். இது எங்களுக்குன்னு வெச்ச வாசலாச்சேன்னு இருந்துச்சு. அப்புறம் வண்டி திரும்புனதப் பாத்தேன். மண்டிப் பக்கமாத் திரும்புச்சு சார்...” பாதியில் விட்டுவிட்டு, வாசலைக் கழுவத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

தீர்த்தம்மாளின் வீட்டைப் பிற்பாடு அவள் பிள்ளைகள் விற்றுப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவள் கடைசி மகனோடு எங்கோ ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கிறாள் என்று கேள்வி. எனக்கு இன்றைக்கும் வாடகை வீடுதான். ராயம்மாள் வீட்டில் சாவு விழுந்துவிட்டதென்று அப்புறம் யாரும் குடிவரவில்லையா என்றால், அதற்கு அவசியமே வரவில்லை. சென்னம்மாள் போகவில்லை. ராயம்மாளோடு மண்டிக்குப் புளி தட்டப் போனாள்.

முனியப்பனுக்குக் கருமாதி முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். ராயம்மாள் என்னைச் சென்னம்மாளின் பக்கத்துக்குக் கூட்டிப்போனாள். முனியப்பன் கல்யாணத்தின்போது எடுத்த படத்தைக் கண்ணாடி போட்டு வாங்கி வந்திருந்தார்கள். அதைத் தகரப் பெட்டியின் மேல் சுவரில் சாய்த்து, ஒரு சாமந்திச் சரம் போட்டிருந்தாள் சென்னம்மாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் மெல்லச் சறுக்கிற்று. சென்னம்மாள் போய் நிமிர்த்தினாள்.

ராயம்மாள் வெளியே போனாள். திரும்பி வரும்போது ஒரு கையில் அந்தக் குழவிக்கல், மறு கையில் ஓர் ஆணி.

“ஆணி அடிச்சா செவுரு போயிரும்னு சொன்னீங்களேக்கா?” என்றாள் சென்னம்மாள்.

“போவட்டும்.”

அடித்தாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. படத்தை மாட்டிவிட்டு, கோணலாக இருக்கிறதா என்று இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். பிறகு கல்லைக் கீழே போட்டுவிட்டு, அந்தச் சுவரிலேயே தலையை முட்டுக்கொடுத்து, மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். வேளாங்கண்ணி செத்தபோது அழாத அழுகையை அன்றைக்குத்தான் அழுதாள்.